சாய்ந்த மரம் மட்டும்தான் சேதமா?



2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதித் தென்னந்தோப்புகளைப் புரட்டிப் போட்டது. மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது தமிழக அரசு.

வேரோடு சாய்ந்த மரத்தை எண்ணுவது எளிது. ஆனால் கொண்டை திருகி, குருத்து முறிந்து நிற்கும் மரம்? கணக்கெடுக்க வரும் நாளில் அது பச்சையாகத்தான் தெரியும். சில மாதங்களில் குருத்து அழுகி, மட்டைகள் தொங்கிப் பட்டுப்போகும். அதற்குள் பதிவேட்டை மூடியிருப்பார்கள். நாட்டுத் தென்னையை மறுபடி நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருப்பவர்களுக்கும், வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்பவர்களுக்கும் நிவாரணம் கிடைப்பதே கடினம்.

எனவே, புயல் அடித்த ஆறாம் மாதத்தில் இரண்டாவது கணக்கெடுப்பைக் கட்டாயமாக்க வேண்டும். உண்மையில் உழுபவரின் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும். பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, ஆட்சேபம் சொல்ல அவகாசம் தர வேண்டும். அடுத்த புயலுக்கு முன்பே அரசு இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டுகிறேன்.

- டெல்டா வாசகர் ஒருவர்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.