துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பது குற்றமா?
ஆயுத மோதல் காலத்தில் வடசென்னையின் பண்பாட்டுச் செல்வங்கள்: எங்கள் நிலைப்பாடு

நெட்டுக்குப்பம், எண்ணூர்

நெட்டுக்குப்பத்துக் கரையில் நின்றால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் காமராஜர் துறைமுகமும் தெரியும். தெற்கே போனால் மணலி சுத்திகரிப்பு ஆலை, காசிமேடு, சென்னைத் துறைமுகம். போர் என்று வந்தால் எதிரி முதலில் குறிவைக்கும் இடங்கள் இவை. இதே பட்டையில்தான் சோழர் கல்வெட்டுகள் நிறைந்த திருவொற்றியூர் தியாகராசர் கோயில் இருக்கிறது. பட்டினத்தார் சமாதி இருக்கிறது. ராயபுரத்தில் படகுக்காரர்கள் எழுப்பிய புனித பேதுரு ஆலயமும், 1856இல் திறக்கப்பட்ட ரயில் நிலையமும் இருக்கின்றன.

ஆயுத மோதலின்போது பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க 1954இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா 1958இல் அதை ஏற்றது. அதன்படி எல்லாப் பண்பாட்டுச் சொத்துக்கும் பொதுக் காப்பு உண்டு. அதற்கு மேல் சிறப்புக் காப்பும் ஒன்று உண்டு. ஆனால் அதைப் பெற, அந்த இடம் பெரிய தொழில் மையம், துறைமுகம், முக்கிய ரயில் நிலையம் போன்றவற்றிலிருந்து போதிய தொலைவில் இருக்க வேண்டும் என்கிறது எட்டாவது பிரிவு. பக்கத்துத் துறைமுகத்தைப் போரில் பயன்படுத்தமாட்டோம் என்று அரசு உறுதி கொடுத்தால் விலக்கு கிடைக்கும். காமராஜர் துறைமுகத்துக்கு அப்படியோர் உறுதியை எந்த அரசும் கொடுக்காது. ஆக, ஆபத்து அதிகமுள்ள இடத்துக்கே காப்பு குறைவு. இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

1999இல் வந்த, அதே உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை இந்தத் தொலைவு நிபந்தனையைக் கைவிட்டது. மனித குலத்துக்கே பெருமதிப்பு உடையதா, உள்நாட்டுச் சட்டம் அதை முறையாகக் காக்கிறதா, ராணுவத் தேவைக்குப் பயன்படாமல் இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. 2024 நவம்பரில் லெபனானில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, கடலோரத் தீர் நகரம் உட்பட 34 இடங்களுக்கு இதன்கீழ்தான் தற்காலிக உயர் காப்பு கிடைத்தது. இந்தியா இன்னும் இந்த நெறிமுறையில் சேரவில்லை. சேர வேண்டும் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

போர் சென்னைக்கு எட்டாத விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குறிவைத்தது துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை. ஆனால் குண்டு உயர் நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தது. அதைச் சொல்லும் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. தொட்டிக்கு வைத்த குறி தப்பினால் பக்கத்தில் இருப்பதில்தான் விழும். 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சென்னையே காலியானபோது, 87 வயது உ.வே.சாமிநாதையர் தம் சுவடிகளோடு திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று அங்கேயே காலமானார். தமிழின் பழஞ்செல்வத்தைக் குண்டிலிருந்து ஒதுக்கிவைக்கும் வேலை ஒரு முதியவர் தலையிலும் அவரைச் சேர்ந்தவர்கள் தலையிலும் விழுந்தது. அடுத்த முறையும் அப்படித்தான் நடக்க வேண்டுமா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. முழுப் போர் வெடிப்பதற்கு முன்பே நடந்த கொடுமை அது. வேறெங்கும் படி இல்லாத எழுத்துகளை எந்த உடன்படிக்கையாலும் மீட்டுத் தர முடியாது. மறுபுறம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களில் தொடங்கி எடுத்துவைத்த கோயில் படங்கள், களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வர முக்கியச் சான்றாக நின்றன. எனவே பதிவு வேலையை அமைதிக் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். திருவொற்றியூரின் புற்று வடிவ மூலவரையும் கல்வெட்டுச் சுவரையும் எங்கும் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவற்றுக்குப் புதிய மைப்படியும் படங்களும் அளவுகளும் எடுத்து, ஒரு படியைக் கடலிலிருந்து வெகுதூரத்தில் வைக்க வேண்டும். ஆலயங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் குப்பத்துப் பஞ்சாயத்துக் கணக்கு நோட்டுகளுக்கும் இதே கவனம் வேண்டும். பட்டியலில் எது சேர வேண்டும் என்று முடிவுசெய்யும்போது குப்பத்துப் பெரியவர்களும் உடன் உட்கார வேண்டும்.

பயிற்சி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மே 7 அன்று நாடெங்கும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. உயிர் காப்பதுதான் முதல் வேலை. அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதே ஒத்திகையில் கோயிலுக்கும் ஆலயத்துக்கும் நூலகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பதிவேட்டு அறையில் தீப்பிடிக்கும்போது முழு வேகத்தில் தண்ணீரைப் பாய்ச்சினால் நெருப்புக்குத் தப்பியது தண்ணீரில் அழியும் என்று தீயணைப்பு வீரருக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். உற்சவரைக் கையையோ திருவாசியையோ பிடித்துத் தூக்கக்கூடாது, பீடத்தோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது சாமியைச் சுமக்கும் சீபாதந்தாங்கிகளுக்குப் பழகிப்போன பாடம். அந்த வகுப்பை அவர்களே எடுக்கட்டும். கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் இந்த இடங்கள் குறித்த வரைபடம் போக வேண்டும். பண்பாட்டுக் காப்புக்கென்று தேர்ந்த ஆட்களைப் படைகளுக்குள் அமைதிக் காலத்திலேயே உருவாக்கச் சொல்வது ஹேக் உடன்படிக்கையின் ஏழாவது பிரிவு. அது இந்தியா ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கடமை. எந்த நெருக்கடியிலும் கோயில் மண்டபத்தில் ஆயுதமோ வெடிபொருளோ வைக்கக்கூடாது. வைத்தால் நம் கையாலேயே அதன் காப்பைப் பறிக்கிறோம்.

மீனவர்களை வெறும் பயனாளிகளாக எண்ணுவதை விட்டுவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தபோது, படகில் போய் மக்கிலும் வாளியிலும் அள்ளியவர்கள் அவர்கள்தான். தக்க கருவியும் பயிற்சியும் பிறகுதான் பேசப்பட்டன. சாலை அடைபட்டால் கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் பொருள்களை வெளியேற்றக்கூடியவர்களும் அவர்களே. அதற்கான ஒத்திகையும், காப்பீடும், அன்றைய கூலியும் எழுத்தில் உறுதியாக வேண்டும்.

முதல் பயிற்சியை நெட்டுக்குப்பத்திலேயே நடத்த எங்கள் அமைப்பு தயாராக இருக்கிறது. இந்து சமய அறநிலையத் துறை, தொல்லியல் துறை, தீயணைப்புத் துறை, துறைமுகங்கள், ஆலய நிர்வாகங்கள் ஆகியவை தலா ஒரு பொறுப்பாளரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்க வேண்டுகிறோம். செலவின் பெரும்பகுதியைத் துறைமுகங்களும் ஆலைகளும் ஏற்க வேண்டும் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். இந்தக் கரையைத் தாக்குதல் இலக்காக ஆக்கியது அவற்றின் இருப்புதான். ஈடுசெய்யும் கடமையும் அவற்றுக்கே.