கண்டவையெல்லாம் கணக்கில் ஏறலாமோ?

வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருள் இந்நாளில் கல்லூரி, மருத்துவமனை, வங்கி முதலிய இடங்களுக்கு இன்றியமையாததாயிற்று. சுவிட்ச் ஒன்று நின்றுபோயினும் உடனே அறிவித்தல் அதன் தொழில். 1996-இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தோன்றி, 2009-இல் ஜோஹோ எனப் பெயர் பூண்ட சென்னை நிறுவனம், ஓப்மேனேஜர் என்னும் இத்தகைய மென்பொருளை உலகெங்கும் வழங்கிவருதல் தமிழ்நாட்டார்க்குப் பெருமையே.

இம்மென்பொருள் கருவிகளைத் தானே தேடவல்லது. நாம் குறித்த ஐ.பி. முகவரிகளை ஒவ்வொன்றாக அழைக்கும். மறுமொழி தந்த கருவியை, 1988-இல் வெளியான எஸ்.என்.எம்.பி. முறையால் இன்னதென வினவும். விடையைக்கொண்டு ரௌட்டர், சுவிட்ச், பிரிண்டர் என வகைப்படுத்தும். அவ்விவரங்களைப் பின்னர்க் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றவேண்டும். கண்ட அனைத்தையும் ஆராயாது ஒருங்கே ஏற்றிவிடுதல் பலரது வழக்கம். அது தகாதென்பதே நமது கருத்து.

ஏனெனில், பல முகவரிகளையுடைய ரௌட்டர் ஒன்றே பல கருவிகளாகத் தோன்றக்கூடும். மாணவர் மடிக்கணினி இன்று பெற்ற முகவரியை நாளை வேறொன்று பெறும். அவை பட்டியலிற் புகுந்தால், மாலையில் மடிக்கணினி மூடப்படுந்தோறும் அபாய அறிவிப்பு எழும். பொய்யறிவிப்பைக் கேட்டுச் சலித்தவர் மெய்யறிவிப்பையும் பொருட்படுத்தார். மற்றொருபால், அழைப்புக்கு விடைதராவண்ணம் அமைக்கப்பட்ட கருவி பட்டியலில் இடம்பெறாது போகலாம். அது பழுதுற்றால் அறிவிப்பாரும் இலர்.

ஆராயாது மொத்தமாகச் சேர்ப்பதன் குறையைத் திருத்தணியார் நன்கறிவர். 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தபோது, அதனுள் அடங்கிய திருத்தணியும் உடன் சென்றது. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். பின்னர் எல்லையை ஆராய்ந்த படாஸ்கர், மாவட்டத்தை விடுத்துக் கிராமத்தையே அலகாகக் கொண்டு, மொழியையும் நிலத்தொடர்பையும் நோக்கினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. ஊர்தோறும் நோக்கியதனாலன்றோ அது கைகூடிற்று?

கருவிகளின் பட்டியலுக்கும் இம்முறையே ஏற்றது. ஒவ்வொரு கருவிக்கும் பெயர், இருக்குமிடம், பொறுப்பாளர் ஆகிய மூன்றையும் எழுதிய பின்னரே அதனை ஏற்றுக. இவை தெரியாத கருவியை, தெரியுமளவும் வேறாக நிறுத்துக. பருவத்துக்கு ஒருமுறை மாணவர் சிலர் பட்டியலைக் கையிற்கொண்டு அறைதோறும் சென்று ஒத்துப்பார்ப்பாராயின், விடுபட்ட கருவிகளும் வெளிப்படும். அம்மாணவர்க்கும் அது நூலிற் கிட்டாத நல்ல பயிற்சியாகும்.