தோல் இல்லை, குச்சி இல்லை... ஆனாலும் 'டும்'!

பாட்டில் நெஞ்சைத் தட்டும் அந்த 'டும்', பல நேரங்களில் டிரம்மில் அடித்ததே அல்ல. மின்சாரம் எழுப்பும் ஓர் அலை, அவ்வளவுதான்!

இதன் சூட்சுமம் இரண்டு. முதலாவது, பிட்ச் என்வலப். ஒலி கேட்கும் நேரத்துக்குள் சுருதி எப்படி ஏறி இறங்க வேண்டும் என்று சிந்தசைசருக்குப் போடும் உத்தரவு இது. உயரத்தில் தொடங்கும் சுருதியை, கண் இமைக்கும் நேரத்தில் 50 ஹெர்ட்ஸ் பக்கம் சரியவிட்டால் 'டும்'. அதையே கொஞ்சம் மெதுவாக இறக்கினால், பொம்மைத் துப்பாக்கியின் 'டியூவ்'!

இரண்டாவது, ஃபில்டர். கல்யாண மண்டபத்தின் கதவைச் சாத்திவிட்டால், உள்ளே நடக்கும் கச்சேரி வெளியே 'தும் தும்' என்று மட்டும்தானே கேட்கும்? லோ பாஸ் ஃபில்டர் செய்வதும் அதே வேலைதான். கீச்சென்ற ஒலிகளைத் தடுத்து, கனத்த ஒலிகளை மட்டும் வெளியே விடும்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டிஆர்-808 இந்த வித்தையில்தான் தாளம் போட்டது. 'நிஜ டிரம் மாதிரி இல்லையே' என்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். சுமார் 12,000 மெஷின்களோடு, 1983-ல் உற்பத்தி நின்றது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தவற்றை அமெரிக்காவின் ஹிப்ஹாப் இளைஞர்கள் வாங்கினார்கள். குறை என்று ஒதுக்கப்பட்ட அதே 'டும்', அவர்கள் இசையின் அடையாளமாகிவிட்டது!

போனின் குட்டி ஸ்பீக்கரில் அந்த அடி ஒலி சரியாக வராது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்... வால்யூமை மட்டும் அளவாக வைத்து!