தென்துருவப் பூஞ்சையும் பட்டான்செருத் தொழிலாளியும்

ஐதராபாத்தில் மார்கழி, தை மாதங்களில் இட்லி மாவு லேசில் பொங்குவதில்லை. மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் குளிரில் சோர்ந்து விடுவதே காரணம். ஆனால் அண்டார்டிகாவின் உறைபனி மண்ணிலும் சில பூஞ்சைகள் உயிர் வாழ்கின்றன. உணவைச் சிதைத்துச் செரிக்க உதவும் நொதிகளை, அதாவது என்ஸைம்களை, அந்தக் குளிரிலும் அவை சுரக்கின்றன. இந்த விந்தைக்கும் பட்டான்செரு மருந்து ஆலைகளில் ஷிப்ட் முறையில் உழைப்பவர்களுக்கும் என்ன சம்பந்தம்? நெருங்கிய சம்பந்தம் உண்டு.

ஐதராபாத் கண்ட உண்மை

இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறங்கியது. பின்னர் சென்ற குழுக்கள், இன்று மைத்ரி நிலையம் இருக்கும் ஷிர்மாக்கர் பகுதியிலிருந்து மண் மாதிரிகளைக் கொண்டு வந்தன. ஐதராபாத் ஹப்ஸிகூடாவிலுள்ள சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் அந்த மண்ணிலிருந்து ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்து, 1989-ல் விவரம் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று சுரக்கும், புரதத்தைச் சிதைக்கும் நொதியைப் பற்றி 1992-ல் எழுதினர். அது 0 டிகிரியிலும் வேலை செய்யக் கூடியது.

சாதாரண நொதி குளிரில் விறைத்து விடுகிறது. குளிருக்குப் பழகிய நொதியின் அமைப்போ பெரும்பாலும் தளர்வானது, வளைந்து கொடுப்பது. எனவே குறைந்த வெப்பத்திலும் காரியம் நடக்கிறது. ஐரோப்பாவில் வெந்நீரில் துணி துவைக்கிறார்கள். நம் வீடுகளில் பச்சைத் தண்ணீர்தான். அப்படியானால் குளிர்நீரில் கறை நீக்கும் சலவைத் தூள் யாருக்கு அதிகம் பொருந்தும்?

விளைச்சல் யாருக்கு?

அண்டார்டிகாவின் வாண்டா ஏரி வண்டலில் கிடைத்த ஓர் ஈஸ்ட்டை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1969-ல் விவரித்தார்கள். அதன் கொழுப்புச் சிதைக்கும் நொதியை டென்மார்க் நிறுவனம் ஒன்று விற்பனைச் சரக்காக்கியது. அந்த ஈஸ்ட்டின் மரபணுவை, ஜப்பானியர் சோயா சாஸுக்குப் பயன்படுத்தும் பூஞ்சைக்கு மாற்றி, மிதமான வெப்பத்திலேயே உற்பத்தி செய்தார்கள். மருந்துகளுக்கான இடைநிலைப் பொருள்களைத் தயாரிக்க அந்த நொதி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. 'சூடான ஊரில் குளிர்ப் பூஞ்சையை எப்படி வளர்ப்பது?' என்ற ஆட்சேபத்துக்கு இதுவே பதில்.

பட்டான்செருவின் கதையோ வேறு. ஆலைக் கழிவால் நிலமும் நீரும் கெட்டதென்று 1990-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவு சேர்ந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் அதில் இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட இது அதிகம்! மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர வேறென்ன வேண்டும்?

நொதிகள் மந்திரக்கோல் அல்ல. ஏற்கெனவே கெட்ட ஏரியை அவை மீட்டுத் தரமாட்டா. ஆனால் பொருத்தமான கட்டங்களில் பயன்படுத்தினால் நீராவிச் செலவும், நச்சுக் கரைப்பான்களின் தேவையும், வேண்டாத துணைப் பொருள்களும் குறையும். நொதியின் விலை அதிகம் என்று முதலாளிகள் கூறலாம். எரிபொருள், கரைப்பான், கழிவுச் சுத்திகரிப்பு ஆகிய செலவுகளையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்? அந்தக் கணக்கில் எழுதப்படாத செலவை இதுவரை சுமந்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராம மக்கள்.

உழைப்பவர் பாதுகாப்பு

இதில் மற்றொரு விஷயத்தையும் மறக்கலாகாது. நொதித் தூளை நுகர்ந்த சலவைத் தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு நோய் வந்ததை இங்கிலாந்து மருத்துவர்கள் 1969-ல் வெளிப்படுத்தினர். அதன் பின்னரே தூசி பறக்காதபடி மேல்பூச்சிட்ட மணிகளாக நொதியைத் தயாரிக்கும் முறை பரவியது. தொழிலாளி நோயுற்ற பிறகு பாடம் கற்கும் வழக்கம் இங்கும் தொடர வேண்டியதில்லை.

மத்திய அரசும் தெலங்கானா அரசும் இதில் முனைய வேண்டும். ஆய்வுக்கூடத்தின் குடுவைக்கும் ஆலையின் கொள்கலனுக்கும் இடையே பரிசோதனை உற்பத்திக்கு வசதி செய்து தர வேண்டும். புதிய முறைகளில் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். முகமூடியும் மருத்துவப் பரிசோதனையும் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமின்றி, தமிழகத்திலிருந்தோ பீகாரிலிருந்தோ பிழைப்புக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும்.

அண்டார்டிகா சென்று மண் கொண்டு வந்தது மக்களின் வரிப்பணத்தில். அதன் பலன் ஹப்ஸிகூடாவின் குளிர்பதன அறையிலேயே தங்கிவிடக் கூடாது. ஊரின் மறுகோடியிலுள்ள பட்டான்செருவை அது எட்டுவது எப்போது?