மீன்மனிதனைச் செய்தது யார்?

1954-ன் தொடக்கத்தில் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் ஓவியர் ஒருவரை அமெரிக்காவில் ஊர் ஊராக விளம்பரப் பயணம் அனுப்பியது. மிலிசென்ட் பேட்ரிக் என்பது அவர் பெயர். வெளிவரவிருந்த படம் ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’. அமேசான் காட்டு நீர்நிலையில் ஒளிந்து வாழும், பாதி மீனும் பாதி மனிதனுமான ஓர் உயிரினத்தின் கதை. அதன் உருவத்தை வரைந்து கொடுத்தவர் பேட்ரிக். டிஸ்னி நிறுவனத்தில் பழகிய கை. ‘ஃபேன்டேசியா’ படத்தில் வேலை செய்தவர். பார்க்கவும் அழகானவர் என்பதால் ‘அசுரனைப் படைத்த அழகி’ என்று பயணத்துக்குத் தலைப்பு வைத்தார்கள்.

நிறுவனத்தின் ஒப்பனைத் துறைத் தலைவர் பட் வெஸ்ட்மோருக்கு அது பொறுக்கவில்லை. படைத்த பெருமை தன்னுடையது என்று மேலிடத்தில் சண்டை பிடித்தார். தலைப்பு ‘அசுரனோடு வாழும் அழகி’ என்று மாறியது. பயணம் முடிந்து பேட்ரிக் திரும்பியபோது அந்தத் துறையில் அவருக்கு வேலை இல்லை. படம் வெளியானது, திரையில் ஒப்பனை என்ற வரியில் ஒரே ஒரு பெயர், பட் வெஸ்ட்மோர்.

பேட்ரிக் 1998-ல் மறைந்தார். எழுத்தாளர் மல்லோரி ஒமேரா அவருடைய வாழ்க்கையைத் தேடித் துருவி 2019-ல் நூலாக்கும்வரை, மீன்மனிதனின் பரம ரசிகர்களிலேயே பலருக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது.

வெஸ்ட்மோர் ஒருவரை மட்டும் வில்லனாக்குவது சுலபம். அன்றைய ஸ்டூடியோக்களில் துறைத் தலைவரின் பெயரைப் போடுவதுதான் வழக்கம். எம்ஜிஎம் நிறுவனத்தின் கலைத் துறைத் தலைவர் செட்ரிக் கிப்பன்ஸின் பெயர், ஒப்பந்தப்படி, அந்த நிறுவனத்தின் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் வந்தது. 11 ஆஸ்கர் அவர் வீட்டுக்குப் போனது. ஆனால் வழக்கம் என்பதால் ஒரு தவறு நியாயமாகிவிடாது. இன்னொன்றும் உண்டு. பேட்ரிக்கின் பெயரை மட்டும் அந்த வரியில் சேர்த்திருந்தாலும் கணக்கு நேராகியிருக்காது. மீன்மனிதனின் தலையைச் செதுக்கியவர் கிறிஸ் முல்லர். உடல் சூட்டைச் செய்தவர் ஜாக் கெவன். இரண்டாம் உலகப் போரில் கை, கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்து தேர்ந்தவர். தரையில் அந்த சூட்டுக்குள் நடந்தவர் பென் சாப்மேன், தண்ணீருக்குள் நீந்தியவர் ரிக்கோ பிரவுனிங்.

இத்தனை பேர் எதற்கு? பட்டறைக்குள் நுழைந்து பார்த்தால் புரியும்.

முதலில் ஓவியம். பிறகு கையடக்கமான களிமண் மாதிரி. அதை இயக்குநர் ஒப்புக்கொண்டதும், சூட்டை அணியப்போகும் நடிகரை உட்காரவைத்து உடம்பை அச்செடுப்பார்கள். முகத்துக்கு ஆல்ஜினேட், பல் மருத்துவர்கள் பல் அச்சு எடுக்கிறார்களே, அதே பொருள். மூக்குத் துவாரம் தவிர முழு முகமும் மூடியிருக்க, அது இறுகும்வரை நடிகர் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும். அந்த அச்சில் வார்த்த நடிகரின் உருவத்தின் மேல்தான் சிற்பி களிமண்ணைப் பூசி, செதில் செதிலாக, சுருக்கம் சுருக்கமாக அசுரனைச் செதுக்குகிறார். அந்தக் களிமண் சிற்பத்துக்கு ஒரு மோல்டு. களிமண்ணை எடுத்துவிட்டால் மோல்டுக்கும் நடிகரின் உருவத்துக்கும் நடுவே விழும் இடைவெளிதான் பிறகு தோலாகப் போகிறது.

அந்த இடைவெளியில் ஊற்றுவது பெரும்பாலும் நுரை ரப்பர். ரப்பர் பாலைக் கேக் மாவு அடிக்கும் மிக்ஸர் போன்ற ஒன்றில் நுரை பொங்க அடித்து, உறைவதற்கு வேண்டிய ரசாயனத்தைச் சேர்த்து, மோல்டுக்குள் செலுத்தி, அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். அன்றைய வெப்பமும் ஈரப்பதமும் மாறினால்கூட நுரை வேறு மாதிரி நடந்துகொள்ளும். சீக்கிரம் உறைந்தால் மோல்டின் மூலைகளுக்குப் போய்ச் சேராது. உறையத் தவறினால் நுரை அடங்கிப்போகும். பல வாரச் சிற்ப வேலையின் பலன் தெரிவது மோல்டைப் பிரிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். பிறகு ஓரங்களைச் சீவி, பொருத்திய தையல் தெரியாமல் ஒட்டி, வண்ணம் அடித்து, முடி வேண்டிய இடத்தில் ஊசியால் ஒவ்வொரு முடியாகக் குத்தி நடுகிறார்கள். பல்லுக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், உதட்டை அசைக்கும் மோட்டாருக்கு ஒருவர். இன்று ரப்பரின் இடத்தைப் பல வேலைகளில் சிலிக்கோன் பிடித்துவிட்டது. கணினியில் செதுக்கி அச்சிடும் வசதியும் வந்திருக்கிறது. கை வேலை குறைந்ததே தவிர ஒழியவில்லை.

சூட்டுக்குள் போகிறவரின் பாடு தனி. சாப்மேனால் அதை அணிந்துகொண்டு சரியாக உட்காரக்கூட முடியாது. உள்ளே புழுங்கித் தள்ளியதால் படப்பிடிப்பு இடைவேளைகளில் ஸ்டூடியோ ஏரியிலேயே கிடந்தார். கண்பார்வையும் சரியாக எட்டாது. கதாநாயகி ஜூலி ஆடம்ஸைத் தூக்கிக்கொண்டு குகைக்குள் நடக்கும் காட்சியில் ஆடம்ஸின் தலை சுவரில் உரசி அடிபட்டது. தண்ணீருக்குள் நடந்த காட்சிகளை ஃப்ளோரிடாவின் வக்குலா ஊற்றில் எடுத்தார்கள். பிரவுனிங்கின் சூட்டுக்குள் காற்று உருளைக்கு இடமில்லை. ஒரே மூச்சில் நான்கு நிமிடம்வரை அடக்கி நீந்தி, கேமராவுக்கு வெளியே காற்றுக் குழாய் வைத்திருக்கும் ஆளிடம் போய் மூச்சு வாங்கிக்கொள்வார். இந்த இருவரின் பெயரும் படத்தில் இல்லை.

அதே 1954-ல் ஜப்பானில் ‘காட்ஸில்லா’ வந்தது. முதலில் செய்த சூட் ஏறத்தாழ 100 கிலோ; உள்ளே நின்ற ஹருவோ நகாஜிமாவால் சில அடிகளே எடுத்துவைக்க முடிந்தது. அதை வெட்டிப் பகுதி பகுதியாகச் சில காட்சிகளுக்குப் பயன்படுத்திவிட்டு, எடை குறைந்த இன்னொன்றைச் செய்தார்கள். சுட்டெரிக்கும் விளக்குகளுக்கு நடுவே, ரப்பருக்குள் வியர்வை வழிய, 1972 வரை 12 படங்களில் நகாஜிமா காட்ஸில்லாவாக நடித்தார். அந்த ராட்சதனின் கனமான நடையை உருவாக்கியவர் அவர். அதை நடிப்பு என்று சொல்லத் தயங்குவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பழைய கதை, இன்று அப்படியா என்று கேட்கலாம். 2017-ல் வெளியான ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்தை எடுத்துக்கொள்வோம். சிறு வயதில் பார்த்த அந்த மீன்மனிதனை நினைத்துத்தான் இயக்குநர் கியர்மோ டெல் டோரோ அதை எடுத்தார். படத்தின் உயிர்நாடியே சூட் அணிந்த ஒரு நீர்வாழ் உயிரினம்தான். மைக் ஹில்லும் லெகஸி எஃபெக்ட்ஸ் பட்டறையும் சேர்ந்து அதைச் செய்தார்கள். உள்ளே நடித்தவர் டக் ஜோன்ஸ். படத்துக்கு 13 ஆஸ்கர் பரிந்துரைகள். சிறந்த படம் உட்பட நான்கு விருதுகள். அந்தப் பதின்மூன்றில் ஒப்பனை இல்லை, விஷுவல் எஃபெக்ட்ஸ் இல்லை, டக் ஜோன்ஸும் இல்லை. உடை வடிவமைப்புக்கான பரிந்துரையும் மனிதர்கள் அணிந்த உடைகளைச் செய்தவருக்குப் போனது. ஒப்பனைக்கும் உடைக்கும் எஃபெக்ட்ஸுக்கும் நடிப்புக்கும் நடுவில் நிற்கும் இந்தக் கலையை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று ஆஸ்கருக்கே இன்னும் பிடிபடவில்லை. ஒப்பனைக்கு ஆண்டுதோறும் விருது தரும் பழக்கமே 1981-ல் வந்த படங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

சட்டத்துக்கும் இதே தடுமாற்றம். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் வெள்ளைச் சிப்பாய்களின் ஹெல்மெட்டுகளை வார்த்துக் கொடுத்தவர் லண்டனை அடுத்த ட்விக்கனத்தில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஹெல்மெட்டுகளைச் செய்து விற்றார். லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. ஹெல்மெட் ஒரு சிற்பம், அதன் பதிப்புரிமை எங்களுடையது என்பது வாதம். 2011-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. படம்தான் கலைப்படைப்பு, ஹெல்மெட் அதைத் தயாரிக்க உதவிய ஒரு பொருள் என்றது. இந்த வாதத்தில் தீர்ப்பு பட்டறைக்காரருக்குச் சாதகம்தான். அவர் கையில் உருவானது கலை இல்லை என்று சொல்லித்தான் அவரை ஜெயிக்கவைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதையில் தமிழ் சினிமாவுக்கும் பங்கு உண்டு. பட் வெஸ்ட்மோரின் அண்ணன் மகன் மைக்கேல் வெஸ்ட்மோர். ‘மாஸ்க்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர், ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களின் வேற்றுக்கிரக முகங்களுக்குப் பேர்போனவர். ‘அவ்வை சண்முகி’யின் மாமியும் ‘தசாவதார’த்தின் விதவிதமான முகங்களும் அவர் மேற்பார்வையில் வந்தவை. ‘எந்திரன்’ படத்துக்கு அசையும் ரோபோ உருவங்களைச் செய்து தந்தது ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ சூட்டைச் செய்த அதே லெகஸி எஃபெக்ட்ஸ். ஹாலிவுட்டின் உருவக் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் 2008-ல் மறைந்தபின் அவருடைய பட்டறையில் இருந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. நிறுவனர்களில் ஒருவரான ஜான் ரோசன்கிரான்ட், ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் சமையலறைக் காட்சியில் வரும் ராப்டர் சூட்டுக்குள் இருந்தவர். ‘ஐ’ படத்தில் விக்ரமின் உருமாற்றத்துக்கு நியூஸிலாந்தின் வேட்டா பட்டறை வந்தது.

இத்தனைக்கும் நம் ஊர் விமர்சனங்களில் கிடைத்தது என்ன? ‘கிராஃபிக்ஸ் மிரட்டல்’ என்று ஒரு வரி. ரப்பர், சிலிக்கோன், மோட்டார், வண்ணம், முடி எல்லாவற்றையும் கணினிக் கணக்கில் எழுதிவிடுகிறோம். ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர்கள் திரையில் தெரிவது சுமார் 15 நிமிடம்; அதில் பெரும்பகுதி வின்ஸ்டன் பட்டறையில் கையால் செய்த உருவங்கள்தான். மழைக் காட்சியில் அந்தப் பிரம்மாண்ட டி-ரெக்ஸின் நுரைத் தோல் தண்ணீரைக் குடித்து எடை கூடி, உருவமே நடுங்கத் தொடங்கியது. டேக்குக்கு டேக் ஆட்கள் அதைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். துவட்டியவர்களுக்குக் கிராஃபிக்ஸ் என்ற பாராட்டு என்னத்துக்கு?

ஒரு படத்தில் ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள், எல்லார் பெயரையும் யார் படிப்பது என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசியில் பட்டியல் ஓடுகிறதே, போதாதா என்பார்கள். பட்டியல் தொடங்கியதும் நம் தியேட்டர்களில் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். ஓடிடியில் அது மூலைக்குச் சுருங்கி, அடுத்த படம் வந்து நிற்கிறது. ஆயிரம் பெயர்களை யாரும் கேட்கவில்லை. ஓர் அசுரனையோ ரோபோவையோ நம்பித்தான் படம் விற்பனையாகிறது என்றால், போஸ்டரில் அதன் முகம் இருக்கிறது என்றால், அதை வடிவமைத்தவர், செய்தவர், அணிந்தவர் என்று மூன்று பெயர்கள் தொடக்க டைட்டிலில் வரலாம். பாட்டுக்கு நடனம் அமைத்தவருக்கும் சண்டைக் காட்சி அமைத்தவருக்கும் தரும் இடம்தான். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

தயாரிப்பாளர்கள் உடனே முன்வரமாட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் நாளையிலிருந்தே தொடங்கலாம். ‘கிராஃபிக்ஸ் மிரட்டல்’ என்று எழுதும் முன், அது கிராஃபிக்ஸ்தானா என்று படக்குழுவில் ஒருவரைக் கேளுங்கள். இல்லை என்றால், செய்தவர் யார், உள்ளே இருந்தவர் யார் என்றும் கேட்டு வாங்கி, விமர்சனத்திலேயே அச்சிடுங்கள்.