ரைஸ் குக்கரை வீட்டில விட்டிட்டு வாங்கோ

குறைஞ்ச காசில் சொகுசாச் சுற்றுலா போவது எப்படி என்று யூடியூப்பில் தேடினால் முதலில் வருகிற ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: குசினியோடு இருக்கிற வீடாப் பார்த்து வாடகைக்கு எடுங்கோ, சாப்பாட்டுக் காசு மிச்சம். எங்கட ஆக்களுக்கு இதை ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. சின்ன வயசில் இருந்து நான் போன எல்லாப் பயணமும் அப்படித்தான். கதிர்காமம் போனாலும் நுவரெலியா போனாலும் வானின் பின்சீட்டுக்குப் பின்னால் காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ரைஸ் குக்கர், தேங்காய், திருவலை. போய் இறங்கின உடனே ஆம்பிளையள் "நல்ல குளிர் என்ன?" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் பைப் எங்கே இருக்கு என்று தேடுவார்கள். கிரகரி வாவியை அம்மா பார்த்தது வானுக்குள் இருந்துதான், அதுவும் மடியில் வெங்காயப் பையோடு.

அப்ப அந்தச் சுற்றுலா ஆருக்கு? மிச்சம் பிடிச்சோம் என்று சொல்கிற காசு ஆற்ற உழைப்பில் மிச்சமானது? விடிய நாலு மணிக்கு எழும்பி எல்லாருக்கும் புட்டு அவிச்ச மூன்று பேரின் கூலியை எந்தப் பட்ஜெட்டிலும் ஒருத்தரும் எழுதுவதில்லை. பெண்களின் ஊதியமில்லா உழைப்பைப் பற்றி அசைன்மென்ட் எழுதி நல்ல மாக்ஸ் எடுத்தவள் நான். ஆனாலும் இது என்ர மண்டைக்குள் ஏற மூன்றாம் வருஷம் ஆயிற்று.

அதனால் போன வருஷம் கணக்கைத் தலைகீழாப் போட்டேன். எதில் வேணுமெண்டாலும் மிச்சம் பிடிக்கலாம், அம்மா சமைக்காமல் இருக்கிறதில் மட்டும் பிடிக்கக்கூடாது. ரியூசன் படிப்பிச்சுச் சேர்த்தது 45,000 ரூபா. இடம் பாசிக்குடா. மாதம் மார்ச். கிழக்குக் கரையில் மார்கழி மழை ஓய்ந்து கடல் அடங்கியிருக்கும், சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. கிழமை நாள், போயாவும் இல்லை. இணையத்தில் டொலரில் காட்டின விலையைப் பார்த்துப் பயந்துபோய் ஹொட்டேலுக்கு நேரே கோல் எடுத்து, உள்ளூர் ஆக்களுக்கு என்ன விலை என்று கேட்டேன். நல்லாக் குறைந்தது. ஒன்று மட்டும் கவனம்: வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கோ. சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் 18 வீதமும் பிறகு வந்து ஏறினால் போட்ட கணக்கு முழுக்கப் பிழைக்கும். அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேருக்கும் ஒரு றூம், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து 31,000. ஒரேயொரு இரவு. யாழ்ப்பாணத்தில் இருந்து மட்டக்களப்பு பஸ் ஏறி வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ. அப்பா கடையைப் பூட்ட ஏலாது எண்டிட்டார்.

ஒரு இரவுக்கு 31,000 கொடுக்கிறது திமிர் என்று சிலர் சொல்வீர்கள். அம்மாவும் அதைத்தான் சொன்னா. ஆனால் பத்துப் பேர் வான் பிடிச்சு மூன்று நாளில் ஏழு இடம் பார்த்து, பாதி நித்திரையை வானுக்குள்ளேயே கொண்டு, களைச்சு வாற பயணத்துக்கும் தலைக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு முடியும். அதை ஒருத்தரும் திமிர் என்று சொல்வதில்லை. அதில் பெண்கள் வேலை செய்கிறார்கள், அதனால் அது குடும்பப் பயணம்.

அங்கே போயும் அம்மா லேசில் விடவில்லை. தேத்தண்ணி குடிச்ச கோப்பையை பாத்றூம் சிங்கில் கழுவி வைத்தா. காலையில் எழும்பினால் கட்டில் விரிப்பை மடிச்சு அடுக்கி வைத்திருக்கிறா. "வாற பிள்ளை என்னை என்ன நினைக்கும்?" என்று கேட்டா. பஃபேயில் இடியப்பமும் சொதியும் மட்டும் எடுத்து வந்து, சொதியில் புளி காணாது என்றா. எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது.

பிறகு கடலுக்குப் போனோம். பாசிக்குடாவில் கன தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது. அம்மா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துகொண்டே இருந்தா. நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. அறையை விட முன்னம் ஒரு மணித்தியாலம் படுத்து நல்லா நித்திரை கொண்டா. அம்மா பகலில் நித்திரை கொள்ளுறதை, காய்ச்சல் வந்த நாளைத் தவிர்த்து, நான் பார்த்ததே இல்லை.

அந்த ஹொட்டேலிலும் ஆரோ ஒரு அம்மாதானே கூட்டித் துடைக்கிறா என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த அக்காவுக்குச் சம்பளமும் லீவும் இருக்கு, அவ செய்கிற வேலைக்கு வேலை என்று பெயரும் இருக்கு என்பதுதான் என்னிடம் இருந்த பதில். அந்தச் சம்பளம் காணுமா என்பது வேற கதை. வரேக்குள்ள எங்களால ஏண்டதை அவவின் கையில் கொடுத்திட்டு வந்தோம்.

ஆவணிக்கு எல்லாருமாத் திருகோணமலை போவமாம். சித்தி வான் கதைச்சிட்டா. குசினியோட வீடும் பார்த்தாச்சாம், ரைஸ் குக்கர் எங்கட வீட்டில இருந்துதான் கொண்டு போகோணுமாம். அம்மா "ஓம்" எண்டிட்டா. நான் அதை எடுத்து என்ர அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிட்டன்.