வெட்கம் ஏன்? உரிமையைக் கேளுங்கள்!



சரக்கு அனுப்புகிறோம் என்ற பேச்சை நம்பி முன்பணம் அனுப்பி ஏமாந்த வியாபாரி வங்கிக்குப் போனால் கிடைக்கும் பதில் என்ன? "நீங்கள்தானே அனுப்பினீர்கள்!" தலைகுனிந்து திரும்பி விடுகிறார். இந்த வெட்கம்தான் மோசடிக்காரனின் மூலதனம்!

2017-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி, நமக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கே பாதுகாப்புத் தந்தது. ஏமாந்து நாமே அனுப்பியதற்கு அல்ல. பிரிட்டனிலோ 2024 அக்டோபர் 7 முதல், உள்நாட்டில் ஏமாந்து அனுப்பிய பணத்தையும், பெரும் கவனக்குறைவு இல்லையென்றால், 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தது யார்? வங்கிதானே! இந்த நியாயம் இங்கும் வர வேண்டாமா? நாம் ஒன்றுபட்டுக் கேட்க வேண்டாமா?

அதுவரை சும்மா இராதீர்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்குப் பேசுங்கள். பணம் வெளியேறும் முன் அதை முடக்க வழி உண்டு. வங்கியில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுங்கள், கட்டணம் கிடையாது.

வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவனே, ஏமாந்தவன் அல்ல!